டேப்பைத் திருப்பிப் பிடித்த மீட்டர் சார்

புதன்கிழமை காலை ஒரு பயிற்சி வகுப்புக்காகப் புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேருந்து ரேணிகுண்டாவைத் தாண்டும்போது எங்கள் அலுவலகத்து சுஜாதா மேடம் போனில் அழைத்தார்.

“எங்கம்மா இருக்க?”

“இப்பதான் ரேணிகுண்டா தாண்டுது மேடம்.”

“திருப்பதில இறங்கி, அப்படியே சந்திரகிரி பஸ் ஏறிடு. நம்ம மீட்டர் சார் போயிட்டாரு.”

“எங்க போயிட்டாரு?” என்று கேட்டேன். மேடம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, “ஏமாயிந்திம்மா?” என்று, என்ன ஆயிற்று எனத் தெலுங்கில் கேட்டார். “எங்க ஆபீஸ் சார்” என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. அவர் நாலு கேள்வி கேட்டிருந்தால் அழுதிருப்பேன். நல்லவேளையாக அவர் கேட்கவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினார். அன்று சொல்ல வராததை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

முனிரத்தினம் சார் எங்கள் மண்டலத்தின் சர்வேயர். சந்திரகிரிக்காரர். வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்கள் எல்லைக் கிராமங்களில் பல வருடங்கள் நிலம் அளந்து அளந்து தமிழைக் கற்றுக்கொண்டவர். அவருடைய தமிழில் தெலுங்கு எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது. பணி ஓய்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. அன்று காலை கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அவருடைய மனைவி தண்ணீர் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்த அலுவலகத்தில் சர்வே உதவியாளராகச் சேர்ந்த நாளில், நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். சார் நிமிர்ந்து பார்த்தார்.

“பேரு ஏமிம்மா?”

“தேவி சார்.”

“உயரம்?”

ஏதோ பதிவுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “அஞ்சடி ரெண்டு இன்ச் சார்” என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். “நூத்தி அம்பத்தேழு சென்டிமீட்டர்னு சொல்லணும். அடி, இன்ச் எல்லாம் வெள்ளைக்காரன் கப்பல் ஏறும்போது மறந்து உட்டுட்டுப் போன சாமான். நாம எதுக்கும்மா அதை இன்னும் தூக்கிக்கினு திரியணும்?”

“சார், வந்த பொண்ணை முதல்ல உட்காரச் சொல்லுங்க. அப்புறமா வெள்ளைக்காரனை அனுப்பலாம்” என்றார் சுஜாதா மேடம்.

அப்படித்தான் எனக்கு முனிரத்தினம் சார் அறிமுகமானார். அவரை ‘மீட்டர் சார்’ என்றே எல்லாரும் அழைத்தார்கள். அவருக்கு அது தெரியும். பிடித்தும் இருந்தது என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் எதை எதில் அளக்கிறோம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. சாரோடு பழகிய பிறகு காதில் விழுவதெல்லாம் அதுவாகவே இருந்தது. பால் லிட்டர், அரிசி கிலோ, பாதை கிலோமீட்டர். ஆனால் வயல் ஏக்கர், வீட்டுமனை எங்கள் பக்கத்து அங்கணம், போர்வெல் ஆழம் அடி, ரவிக்கை அளவு இன்ச். தண்ணீர்க் குழாய் ‘முக்கால் இன்ச்’, அது ஊற்றும் தொட்டி ‘ஆயிரம் லிட்டர்’. மரக்கடைக்குப் போனால், “எட்டுக்கு நாலு பிளைவுட்டு, பதினெட்டு எம்.எம். குடு” என்று நீள அகலத்தை அடியிலும் கனத்தை மில்லிமீட்டரிலும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். கடைக்காரரும் சிரமமில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார். சாருக்கு மட்டும்தான் அது பொறுக்காது.

ஒருமுறை டிவி வாங்கத் திருப்பதிக்குப் போனார். பெரிய கடை. விற்பனைப் பையனிடம், “எண்பத்தொரு சென்டிமீட்டர் டிவி காட்டு” என்று கேட்டிருக்கிறார். பையன் உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தான். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு, “அவ்ளோ பெரிய சைஸ் எங்ககிட்ட ஸ்டாக் இல்லைங்க சார், ஹைதராபாத்ல கேட்டுச் சொல்றோம்” என்றாராம். அவர்கள் பின்னாலேயே முப்பத்திரண்டு இன்ச் டிவிகள் வரிசையாகப் பாடிக்கொண்டிருந்தன. சார் வாங்காமலே திரும்பி வந்துவிட்டார். அவர் மனைவி பேசாமல் போய் அதே கடையில் முப்பத்திரண்டு இன்ச் டிவியை வாங்கி வந்தார்.

இன்னொரு முறை அவருக்குக் கடுமையான காய்ச்சல். அதிகாரிக்குப் போன் செய்து, “முப்பத்தொம்பது இருக்கு சார், லீவு வேணும்” என்றார். அதிகாரி புதியவர். “முப்பத்தொம்பதா? தொண்ணூத்தெட்டுதானே நார்மல்? உங்களுக்குக் காய்ச்சலே இல்லையே. கிளம்பி வாங்க” என்று சொல்லிவிட்டார். சார் வந்தார். சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் படுத்து நடுங்கினார். அந்த நிலையிலும் ஃபாரன்ஹீட்டில் சொல்ல மறுத்துவிட்டார். கடைசியில் அதிகாரியே அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறி, ஆட்டோ வைத்து அனுப்பினார்.

வெறும் பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் வயல்வெளியில் மதியச் சாப்பாட்டின்போது தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் கூலிக்குக் கால்வாய் வெட்டியவர். இத்தனை கோல் வெட்டினால் இத்தனை கூலி என்று பேச்சு. கோல் நிலக்காரருடையது.

“அந்தக் கோல் பத்தடின்னு பேரு. எங்க நாயனா ஒருநாள் அவர் இல்லாதப்ப அளந்து பாத்தாரு. பதினோரு அடி இருந்துச்சு. கேக்க முடியுமா? கேட்டா மறுநாள் வேலை லேது.” சார் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். “அதனாலதாம்மா சொல்றேன். மீட்டருக்குப் பெரியவன், சின்னவன் கிடையாது. எவன் கையில குடுத்தாலும் அது மீட்டர்தான்.”

எங்கள் நைனாவும் கோல் கணக்கில் கால்வாய் வெட்டியவர்தான். அதை நான் சாரிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவரைப் பற்றிய கேலிகளுக்கு நான் சிரிப்பது குறைந்துவிட்டது.

நில மறு அளவை எங்கள் காலனிக்கு வந்தது. எங்கள் தாத்தா காலம்வரை எங்களில் ஒருவருக்கும் நிலம் கிடையாது. அப்புறம் அரசு, மேட்டுப்பக்கம் கல்லும் முள்ளுமாகக் கிடந்த தரையில் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கொடுத்தது. கல் பொறுக்கி, முள் வெட்டி, அதை வேர்க்கடலை விளையும் மண்ணாக்கினார்கள். நீளம் நானூற்று நாற்பது அடி, அகலம் தொண்ணூற்றொன்பது அடி. எங்கள் காலனிப் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்பே இந்த இரண்டு எண்களையும் படித்துவிடுவார்கள். வெளியூரில் யாராவது, “உனக்கு நெலம் கிலம் இருக்குதா?” என்று கேட்டால், “ஒரு ஏக்கரா” என்று நைனா சொல்லுவார். அப்போது அவருடைய குரலே வேறாக இருக்கும்.

கருவிகளோடு அளந்து முடித்த பிறகு, கங்கம்மா கோயில் முன்னால் கூட்டம் போட்டு, சார் மைக்கில் படித்தார். ஆவணத்தில் எக்டரும் ஏக்கரும் இரண்டும் இருந்தன. தன் வழக்கப்படி சார் எக்டரை மட்டும் படித்தார். எங்கள் நைனா பெயருக்கு நேரே, “பூஜ்ஜியம் புள்ளி நாற்பது.” கன்னியம்மா அத்தை பெயருக்கு நேரே, “பூஜ்ஜியம் புள்ளி நாற்பது.” எல்லாப் பெயருக்கும் அதேதான். நாளைக் காலை எல்லைக் கல் நடப்படும் என்று சொல்லிவிட்டு சார் கிளம்பினார். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எல்லாருக்கும் திருப்தி என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம்.

மாலை வீட்டுக்குப் போனபோது நைனா களியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் நைனா துன்னல?”

“நம்ம ஏக்கரா நாப்பது சென்ட்டு ஆயிப்போச்சாமே. மீதி அறுவது எங்கம்மா போச்சு?”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஏக்கரை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். அரை ஏக்கர் வைத்திருப்பவரின் பழைய பட்டாப் புத்தகத்தில் பூஜ்ஜியம் புள்ளி ஐம்பது என்றுதான் இருக்கும். அப்படியானால் புள்ளி நாற்பது என்பது நாற்பது சென்ட்தானே? காலனி முழுக்க அப்படித்தான் கேட்டிருக்கிறது.

“நைனா, அது எக்டர் கணக்கு. எக்டருன்னா ரெண்டரை ஏக்கரா கிட்ட வரும். அதுல புள்ளி நாப்பதுன்னா நம்ம முழு ஏக்கரா. ஒன்னும் குறையல.”

வாசலில் கன்னியம்மா அத்தை நின்றிருந்தார். எங்கள் நிலத்தை அடுத்த நிலம் அவருடையது. “சர்க்கார் ஆபீஸ்ல குந்திக்கினு நீ அப்படித்தாண்டி சொல்லுவ. ரெண்டரைன்றா, நாப்பதுன்றா. கை வலிக்க வலிக்கக் கல்லு பொறுக்கினது நாங்க. படிக்க வெச்ச பொண்ணே நமக்குக் கணக்கு ஓதுது பாரு.”

நைனா என் பக்கம் பேசவில்லை. என்னை நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை கன்னியம்மா அத்தையின் வரப்பில் காலனியே உட்கார்ந்துவிட்டது. கல் நட விடமாட்டோம் என்றார்கள். நான் முன்கூட்டியே பேருந்து நிறுத்தத்துக்குப் போய் சாருக்காகக் காத்திருந்தேன். அவர் இறங்கியதும், மூச்சு விட்டால் தைரியம் போய்விடும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“அளவு சரிதானேம்மா” என்றார் சார்.

“சரிதான் சார். ஆனா அவங்க சென்ட்டுன்னு நெனச்சுக்கினு இருக்காங்க. எங்க நைனா நேத்து சாப்புடவே இல்ல.”

சார் நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். “உங்க நைனா சாப்புடலையா?” என்று கேட்டார். பிறகு வயலை நோக்கி வேகமாக நடந்தார்.

வரப்பில் கன்னியம்மா அத்தை எழுந்து நின்றார். “வா சார். எங்க அறுவது சென்ட்ட எந்தப் பையில வெச்சுக்கினு வந்திருக்க? காட்டு பாக்கலாம்.”

சிலர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு அல்ல. இன்னொரு நாள் வரலாம் என்று எங்கள் அளவைக் குழுவில் ஒருவர் சாரின் காதில் சொன்னார். சார் பையைத் திறந்து ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்தார்.

அந்த டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் நாடா. ஒரு பக்கம் மீட்டர், மறுபக்கம் அடி. எங்கள் அலுவலகத்தில் அதன் அடிக் கணக்குப் பக்கத்தை யாரும் பார்த்திருக்க மாட்டோம். இழுக்கும்போது நாடா முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் மேலே வந்தால், சார் தூரத்திலிருந்தே, “திருப்பு, திருப்பு” என்று கத்துவார்.

அன்று வளையத்தை என் கையில் கொடுத்து அகலத்தின் ஒரு முனையில் நிறுத்தினார். நாடாவை இழுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போனார். போனவர், “தேவி, திருப்பிப் பிடி” என்றார்.

நாடாவைப் பார்த்தேன். முறுக்கு எதுவும் இல்லை. “மீட்டர்தான் சார் மேல இருக்கு.”

“தெரியும்மா. அதான் திருப்பச் சொல்றேன்.”

திருப்பினேன். சார் மறுமுனையைக் கன்னியம்மா அத்தையிடம் கொடுத்தார். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பேருந்து எண்ணும், ரூபாய்த் தாளும், ரேஷன் தராசும் அத்துப்படி.

“உங்க பழைய கல்லு மேல வெச்சு, கட்டை விரலால அழுத்துங்கம்மா. எவ்ளோ?”

அத்தை குனிந்து பார்த்தார். “தொண்ணூத்தொம்போது.”

“விரலை எடுக்காதீங்க. தேவி, இங்க வந்து அவங்க விரலுக்கு அடியில பாரு. எவ்ளோ?”

வளையத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் நாடாவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தேன். “முப்பது புள்ளி ஒன்னு எட்டு சார்.”

“மேல உங்க கணக்கு தொண்ணூத்தொம்பது. கீழ என் கணக்கு முப்பது. நடுவுல இருக்கற மண்ணு மாறிச்சா?”

அத்தை விரலை எடுக்கவில்லை. நாடாவை மேலும் கீழுமாகப் புரட்டிப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். “நீளம்?” என்றார்.

நீளத்தையும் அளந்தோம். டேப் போதாமல் விட்ட இடத்திலிருந்து தொட்டுத் தொட்டு இழுத்தோம். நானூற்று நாற்பது வந்தது. சார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “ஒரு ஏக்கரா. முழுசா ஒரு ஏக்கரா.”

அவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

“அவளுது சரி. எங்களுது?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கருவி ஏற்கெனவே அளந்து முடித்த நிலங்கள் அவை. தேவையே இல்லை. ஆனாலும் சார் ஒவ்வொரு நிலத்திலும் டேப்பை இழுத்தார். ஒவ்வொன்றிலும் உரியவர்தான் விரலை வைத்து எண்ணைப் படித்தார்கள். எங்கள் நிலத்தில் நைனா படித்தார். சாரிடம் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தொண்ணூத்தொம்போதும்மா.”

மதியம் நைனா வீட்டிலிருந்து களியும் வேர்க்கடலைத் துவையலும் கொண்டுவந்தார். கொடுக்கலாமா என்று ஒரு தயக்கம் அவருக்கு இருந்ததை நான் பார்த்தேன். சார் தானாகவே வரப்பில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

“துன்னு சார்” என்றார் நைனா.

சார் களி உருண்டையைக் கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். “இது முன்னூறு கிராம் இருக்கும்.”

“அது ஒரு உருண்டை சார்” என்றார் கன்னியம்மா அத்தை. “உன் மீட்டர எல்லாம் மண்ணோட நிறுத்திக்கோ. களிக்கு உருண்டதான்.”

காலையில் சிரித்த அதே ஆட்கள் இப்போதும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நைனா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டார். அன்றே கல் நட்டார்கள்.

அதன் பிறகு எந்த ஊர்க் கூட்டத்திலும் சார் முதலில் ஏக்கரைச் சொல்லி, பிறகு எக்டரைச் சொன்னார். அலுவலகத்தில் அவர் மாறவே இல்லை. புதிதாகச் சேர்கிறவர்களிடம் உயரம் கேட்பதை நிறுத்தவும் இல்லை. காலனி கொஞ்சம் மாறியது. கன்னியம்மா அத்தை நகரியில் இருக்கும் தன் சம்பந்தியிடம், “எனக்கு ஒரு ஏக்கரா இருக்குது, அது இல்லாம எக்டர்ல புள்ளி நாப்பது இருக்குது” என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கப் போன என்னை, “எனக்குத் தெரியாதாடி? அவளுக்குத் தெரியாதே” என்று அடக்கிவிட்டார். காலனிப் பிள்ளைகள் இப்போது தங்கள் நிலத்தை அடியிலும் சொல்கிறார்கள், மீட்டரிலும் சொல்கிறார்கள். இரண்டையும் சொல்ல அவர்களுக்குச் சிரமமாகவே இல்லை.

போன மாதம் சாருக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. போனை எடுத்தது நான். “நூத்தி ரெண்டு இருக்கும்மா” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, காய்ச்சலுக்காக அல்ல. சற்றுப் பொறுத்து, “அதிகாரிகிட்ட நூத்தி ரெண்டுன்னு சொல்லு. நீ முப்பத்தொம்பதுன்னு எழுதிக்கோ” என்றார். பிறகு, “உங்க நைனா நல்லா சாப்புடறாரா?” என்று கேட்டார். எப்போது பேசினாலும் அவர் அதைக் கேட்பார். அதுதான் நாங்கள் போனில் கடைசியாகப் பேசியது.

சந்திரகிரி பேருந்து நிறுத்தத்தில் இறங்கியபோது, நைனாவும் கன்னியம்மா அத்தையும் இன்னும் சிலரும் எனக்கு முன்பே வேன் பிடித்து வந்து நின்றிருந்தார்கள். சுஜாதா மேடம் எனக்கு முன்பே அவர்களுக்குச் சொல்லியிருந்தார். அத்தை பூக்காரம்மாவிடம் போனார்.

“சாமந்தி ஒரு மீட்டர் குடும்மா.”

பூக்காரம்மாவுக்குப் புரியவில்லை. “மீட்டரா? பூவை யாரும்மா மீட்டர்ல கேப்பாங்க? முழம் எவ்ளோன்னு சொல்லு.”

“எங்க சாருக்கு முழம் போட்டா கோவிச்சுக்குவாரு. ரெண்டு முழம் போடு. அதுக்கு மேல நாலு வெரலு உடு. ஆங், அங்க அறு.”

“உனக்கு யாரு அத்தை சொன்னது?” என்றேன்.

“எவரும் சொல்லல. அன்னிக்கு உங்க டேப்புல கைய வெச்சுப் பாத்துக்கினேன்.”

சாரின் வீட்டில் கூட்டம் நிறைய இருந்தது. அத்தை ஒதுங்கவில்லை. நேரே உள்ளே போய் அந்தச் சரத்தை அவர் மார்பின்மேல், ஒரு தோளிலிருந்து இழுத்து நேராக வைத்தார். முறுக்கிக்கொண்டிருந்த இடத்தைத் திருப்பி விட்டார். நைனா கைகூப்பி நின்றார்.

என் கைப்பையில் அலுவலக டேப் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: “சரியா ஒரு மீட்டர்தான் சார். நைனா நல்லா சாப்புடறாரு. நீங்க போய்ட்டு வாங்க.”